வேர்ட்பிரஸ் பிளகின் எழுதுவோருக்கு: எக்கோவுக்கு முன்னால் ஒரு நொடி

வேர்ட்பிரஸ் பிளகின் எழுதி வெளியிடும் எல்லோருக்கும்,

வணக்கம். உங்கள் பிளகினில் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் ஓட்டை (அந்நியர் எழுதிய ஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தில் ஓட வழிவிடும் குறை) இருக்கிறது என்று யாராவது தெரிவித்தால், பெரும்பாலும் முதலில் வரும் பதில் இதுதான்: "உள்ளே வருவதையெல்லாம் சானிடைஸ் செய்துதானே சேமிக்கிறோம்!" அது பொய்யில்லை. நிரலைத் திறந்தால் வரிக்கு வரி சானிடைஸ்_டெக்ஸ்ட்_ஃபீல்ட் என்ற கழுவும் ஃபங்ஷன் நிற்கிறது. ஓட்டையும் அங்கேயே நிற்கிறது.

ஒரு ஷார்ட்கோடை (பதிவுக்குள் சதுர அடைப்பில் எழுதும் குறுங்கட்டளையை) எடுத்துக்கொள்வோம். பொத்தான் காட்டுவது அதன் வேலை. 'நிறம்' என்று ஒரு பண்பு (அட்ரிபியூட்) உண்டு. அந்தப் பண்பை சானிடைஸ்_டெக்ஸ்ட்_ஃபீல்டில் போட்டெடுத்து, பொத்தானின் கிளாஸுக்குள் இரட்டை மேற்கோள்களுக்கு நடுவே எக்கோ செய்கிறீர்கள், அதாவது பக்கத்தில் அச்சிடுகிறீர்கள். அந்த ஃபங்ஷன் டேக்குகளை உருவிவிடும், வரிமுறிவுகளை எடுத்துவிடும், கூடுதல் இடைவெளியைச் சுருக்கும். மேற்கோள் குறியைத் தொடவே தொடாது. ஷார்ட்கோட் பண்பை ஒற்றை மேற்கோளில் அடைத்து எழுதினால், உள்ளே இரட்டை மேற்கோள் தாராளமாக உட்காரலாம். 'சிவப்பு' என்று எழுதி, ஓர் இரட்டை மேற்கோள் போட்டு, அடுத்து ஆன்மவுஸ்ஓவர் (சுட்டி மேலே வந்ததும் ஸ்கிரிப்டை ஓட்டும் பண்பு) என்று தொடர்ந்தால் கிளாஸ் அங்கேயே மூடிக்கொள்ளும். மிச்சம் புதிய பண்பாகிவிடும். டேக் ஒன்றுகூட இல்லாததால், பதிவைச் சேமிக்கும்போது வேர்ட்பிரஸின் வடிகட்டியும் கண்டுகொள்ளாது.

இதைச் செய்ய கான்ட்ரிபியூட்டர் கணக்கு போதும். "கான்ட்ரிபியூட்டரால் எதையும் வெளியிடவே முடியாதே" என்பீர்கள். முடியாதுதான். ஆனால் அவர் அனுப்பிய வரைவை முன்னோட்டத்தில் திறந்து பார்க்கப்போவது எடிட்டரோ அட்மினோதானே? ஸ்கிரிப்ட் ஓடுவது அவருடைய பிரவுசரில்.

ஓடினால் என்ன ஆகும் என்பதிலும் ஒரு பழைய தவறான எண்ணம் உலவுகிறது. உள்நுழைவு குக்கியைத் திருடுவார்கள் என்று நினைத்து, "அது ஹெச்டிடிபி-ஒன்லி, ஸ்கிரிப்டால் படிக்க முடியாது" என்று நிம்மதியாகிவிடுகிறோம். குக்கி அவர்களுக்குத் தேவையே இல்லை. ஸ்கிரிப்ட் அட்மினின் பிரவுசருக்குள்ளேயே இருப்பதால், புதுப் பயனர் சேர்க்கும் பக்கத்தைப் பின்னணியில் வரவழைத்து, அதிலிருக்கும் நான்ஸை (கோரிக்கை உண்மையானதுதான் என்று காட்டும் ரகசியக் குறியீட்டை) உருவி, அதே நான்ஸோடு இன்னொரு அட்மினை உருவாக்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்பும். குக்கி தானாகவே கூடப்போகும். நான்ஸ் வெளியாளைத்தான் நிறுத்தும்.

ஆகவே காவல் இருக்க வேண்டிய இடம் எக்கோ. உள்ளே வரும்போது கழுவுவது தரவு ஒழுங்காக இருக்க. வெளியே போகும்போது எஸ்கேப் செய்வதுதான் பக்கத்தைக் காக்கும். (பேச்சுத் தமிழில் எஸ்கேப் என்றால் நழுவி ஓடுவது. இங்கே நேர்மாறு: குறியை ஓடவிடாமல் கட்டிப்போடுவது.) எதைக்கொண்டு கட்டுவது என்பது, அந்த மதிப்பு எங்கே போய் விழுகிறது என்பதைப் பொறுத்தது. டேக்குகளுக்கு நடுவே வெறும் எழுத்தாக விழுந்தால் எஸ்க்_ஹெச்டிஎம்எல். பண்புக்குள் விழுந்தால் எஸ்க்_ஆட்டர், அதுவும் மேற்கோள் போட்டு. மேற்கோள் இல்லாத பண்பில் ஓர் இடைவெளியே கதவைத் திறந்துவிடும். இணைப்பில் விழுந்தால் எஸ்க்_யூஆர்எல்தான். அங்கே எஸ்க்_ஆட்டர் போட்டால், 'ஜாவாஸ்கிரிப்ட்:' என்று தொடங்கும் முகவரி ஒரு கீறலும் இல்லாமல் தாண்டிப்போகும். சில டேக்குகளை அனுமதித்தே ஆகவேண்டும் என்றால் டபிள்யூபி_கேசஸ். ஸ்கிரிப்ட் தொகுதிக்குள் மதிப்பு வைப்பதென்றால் டபிள்யூபி_ஜேசன்_என்கோடு, கூடவே ஜேசன்_ஹெக்ஸ்_டேக் என்ற தேர்வு. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று சாய்கோட்டை (/) அப்படியே விடும் தேர்வைப் போட்டவர்கள், ஸ்கிரிப்டை மூடும் டேக்குக்குத் தாங்களே வழி விடுகிறார்கள்.

எந்த ஃபங்ஷனும் உதவாத இடம் ஒன்று உண்டு: டேக்கின் பெயர். 2021-இல் எலிமென்டர் என்ற பக்கம் வடிவமைக்கும் பிளகினில் வெளிப்பட்டது இதுதான். தலைப்புக்கு ஹெச்1, ஹெச்2 என்று தேர்வுப்பட்டியல் திரையில் இருந்தது. வந்து சேரும் மதிப்பு அந்தப் பட்டியலில் உள்ளதுதானா என்று சர்வர் பார்க்கவில்லை. கோரிக்கையைத் திருத்தி 'ஸ்கிரிப்ட்' என்று அனுப்பினால் தலைப்பு ஸ்கிரிப்ட் டேக்காகவே வந்தது. அந்தச் சொல்லில் எஸ்கேப் செய்ய ஒரு குறியும் இல்லை. அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை.

லைட்பாக்ஸ், கேலரி பிளகின்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தலைப்பை எஸ்க்_ஆட்டர் செய்து டேட்டா பண்பில் வைக்கிறீர்கள். சரி. பிரவுசர் பக்கத்தைப் படிக்கும்போது அந்தக் கட்டை அவிழ்த்து, குறிகளைப் பழையபடி ஆக்கிவிடும். உங்கள் ஜேக்வெரி (ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) அதை எடுத்து .ஹெச்டிஎம்எல்() வழியாகப் படத்தின் கீழே ஒட்டினால், டேக்குக்கு மறுபடி உயிர் வந்துவிடும். பிஹெச்பி பக்கம் முழுக்கச் சரி, ஓட்டை ஜாவாஸ்கிரிப்டில். .டெக்ஸ்ட்() போட்டால் வேலை முடிந்தது.

கூட்டமாக விழுந்த அனுபவமும் நமக்கு உண்டு. இணைய முகவரியின் பின்னால் மதிப்புகளைச் சேர்க்கும் ஆட்_கொயரி_ஆர்க் ஃபங்ஷனுக்கு முகவரி எதுவும் கொடுக்காவிட்டால், நடப்புக் கோரிக்கையின் முகவரியையே எடுத்துக்கொள்ளும். எஸ்கேப் செய்து தராது. செய்து தரும் என்று பலர் நம்பினார்கள், அன்றைய ஆவணமும் தெளிவாக இல்லை. 2015 ஏப்ரல் 20 அன்று ஜெட்பேக், யோஸ்ட், கிராவிட்டி ஃபார்ம்ஸ் உட்படப் பல பிளகின்களுக்குத் திருத்தம் வந்தது. தேவைப்பட்டது எஸ்க்_யூஆர்எல் என்ற ஓர் உறை மட்டுமே.

கணக்கே இல்லாதவர் நுழையும் வழிகள் இன்னும் மோசம். தோற்றுப்போன உள்நுழைவுகள், ஃபார்ம் பதில்கள், பாதியில் விட்ட கூடைகள் என்று அட்மின் பக்கத்தில் காட்டும் ஒவ்வொரு பட்டியலும் வெளியாள் எழுதியது. ஐபி முகவரி என்று நீங்கள் எடுக்கும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரில் வருகிறவர் எதை வேண்டுமானாலும் எழுதலாம். வருகிறவர் அட்மினா என்று பார்க்க இஸ்_அட்மின் சோதனையை நம்பவேண்டாம். அட்மின்-ஏஜாக்ஸ் கோப்புக்கு வரும் யாருக்கும் அது 'ஆம்' என்றே சொல்லும். உரிமை பார்க்க கரன்ட்_யூசர்_கேன் இருக்கிறது.

லைட்ஸ்பீடு கேஷ் பிளகினில் இருந்த ஓட்டைக்கும் உள்நுழைவு தேவைப்படவில்லை. 2023 அக்டோபரில் 5.7.0.1 பதிப்பில் அடைத்தார்கள். ஆனாலும் 2024 ஏப்ரலில் பழைய பதிப்புத் தளங்களைத் தேடித்தேடித் தாக்கி, 'டபிள்யூபிசப்-யூசர்' என்ற பெயரில் அட்மின் கணக்குகளை உருவாக்கினார்கள். அடைத்துவிட்டோம் என்பதோடு உங்கள் பொறுப்பு முடிவதில்லை. சேஞ்ச்லாகில் "சிறு மேம்பாடுகள்" என்று பூசி மெழுகாதீர்கள். தாக்குகிறவர் இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாட்டைப் பார்த்துவிடுவார். ஏமாறுவது அப்டேட்டைத் தள்ளிப்போடும் தள உரிமையாளர் மட்டுமே. "பாதுகாப்புத் திருத்தம், உடனே மாற்றவும்" என்று எழுதுங்கள். பதிப்பு எண்ணை உயர்த்த மறந்தால் அப்டேட் அறிவிப்பே யாருக்கும் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது: பிஹெச்பிசிஎஸ்ஸில் (நிரலை விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி) வேர்ட்பிரஸ் விதித்தொகுப்பைப் போட்டு, எஸ்கேப்அவுட்புட் விதியை மட்டும் ஓட்டுங்கள். பிறகு 'பிஹெச்பிசிஎஸ்:இக்னோர்' என்று நிரல் முழுக்கத் தேடுங்கள். முன்பொரு நாள் அவசரத்தில் வாயை அடைத்த எச்சரிக்கைகள் அங்கேதான் கிடக்கும். அண்டர்ஸ்கோர்-ஈ என்று மொழிபெயர்ப்பை நேரடியாக அச்சிடும் இடங்களை எஸ்க்_ஹெச்டிஎம்எல்_ஈ ஆக்குங்கள். ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை இந்தக் கருவி பார்க்காது, அவற்றில் .ஹெச்டிஎம்எல், .அப்பென்ட், இன்னர்ஹெச்டிஎம்எல் மூன்றையும் கையால் தேடத்தான் வேண்டும்.

கடைசியாக, ரீட்மீ கோப்பில் பாதுகாப்புக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி போடுங்கள். ஓட்டையைக் கண்டவர் அதை எல்லோரும் படிக்கும் ஆதரவு மன்றத்தில் எழுதவேண்டிய நிலையை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பிளகின் நிரல் தணிக்கை செய்வோர் சிலர்