முன்பக்கச் சின்னத்தை மாற்றித் தரும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் ஆக்சசரீஸ் கடை உரிமையாளர்களுக்கும் அங்கே பணிபுரியும் தம்பிகளுக்கும் வணக்கம்.

சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து சிற்றூர்க் கடைத்தெரு வரை, காரில் இருக்கும் வெள்ளி நிறக் கம்பெனிச் சின்னத்தைக் கழற்றிவிட்டுக் கறுப்புச் சின்னம் ஒட்டித் தரச் சொல்லி உங்களிடம் வருபவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். சென்ற ஆண்டு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், என் காரின் முன்னும் பின்னும் இருந்த சின்னங்களை மாற்றிக்கொண்டேன்.

டிக்கியில் நடந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தத் தம்பி ஹேர் டிரையரால் பசையை இளக்கி, சின்னத்துக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே தூண்டில் நரம்பை விட்டு அறுத்து, எஞ்சிய பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்து, மாஸ்கிங் டேப்பால் முன்பே குறித்து வைத்திருந்த இடத்தில், ஒரு கீறலும் விழாமல் புதியதைப் பொருத்தினார். மறுநாளே காரைக் கழுவலாம் என்று சொன்னதுதான் சிறு பிசகு. அந்த வகை டபுள் சைடு டேப் முழுப் பிடிப்புப் பெற ஏறக்குறைய 72 மணி நேரம் ஆகும்.

முன்பக்கத்தையும் அதே கைத்திறனோடுதான் மாற்றினார். ஆனால் அந்த வார இறுதியில் நெடுஞ்சாலையில் ஏறியதும், முன்செல்லும் வண்டிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி நின்றுபோய், ராடார் மறைக்கப்பட்டுள்ளது என்ற எச்சரிக்கை டேஷ்போர்டில் வந்தது. டொயோட்டாவின் பல கார்களில் உள்ளதைப் போல என் காரிலும் ராடார் முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பது அன்றுவரை எனக்கும் தெரியாது. என்னிடம் பணம் வாங்கிய கடைக்கும் தெரிந்திருக்கவில்லை.

இந்த ராடார்கள் 76 முதல் 77 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை அனுப்பி, முன்னால் பட்டுத் திரும்பும் அலையை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. சாதாரணக் குரோம் பூச்சு உலோகம் என்பதால் அது அலையை அப்படியே திருப்பிவிடும். எனவேதான் இத்தகைய சின்னங்களில், கண்ணுக்கு வெள்ளியாகத் தெரிந்தாலும் இடைவெளிகள் வழியே அலைக்கு வழிவிடும்படி, இண்டியம் என்ற உலோகத்தை ஒன்றோடொன்று ஒட்டாத நுண்ணிய திட்டுகளாகப் படிய வைக்கிறார்கள். பிளாஸ்டிக்கின் தடிமனும் அலைநீளத்துக்கு ஏற்ப அளந்து வைத்தது. அதன்மேல் உலோகத் துகள் கலந்த பெயின்ட்டோ ஸ்டிக்கரோ ஏறினாலும் கணக்குப் பிசகலாம். எச்சரிக்கை விளக்கு எரிந்தது என் நல்ல காலம் என்றே நினைக்கிறேன்.

ஆகவே, முன்பக்கச் சின்னத்தில் கை வைக்கும் முன் அதை ஒருமுறை தடவிப் பாருங்கள். எழுத்தும் வளையமும் மேடு பள்ளமாகக் கைக்குத் தட்டுப்படாமல், கண்ணாடிபோல் வழவழப்பான ஒரே தகடாக இருந்தால், பின்னால் ராடார் இருக்கக்கூடும் என்று கொண்டு, கம்பெனியின் அசல் பாகத்தைத் தவிர வேறெதையும் பொருத்த மறுத்துவிடுங்கள். அனுமதியின்றி வார்த்த போலிச் சின்னத்தை விற்பது 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் காரின் பின்பக்கத்தில் நீங்கள் ஒட்டிய கறுப்புச் சின்னம் இன்றும் அசையாமல் இருக்கிறது. அடுத்த காருக்கும் அந்த வேலைக்கு உங்களிடமே வருவேன். முன்பக்கத்தையும் மாற்றச் சொல்லி நானே வற்புறுத்தினாலும் முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்