ஆகஸ்டில் போடும் எண்: ஏ.பி. வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.) செய்தி நிறுவனத்தின் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துத் தரவரிசைக்கு வாக்களிக்கும் பத்திரிகையாளர்களுக்கும் ஒளிபரப்பாளர்களுக்கும்,

வணக்கம். இன்னும் சில நாட்களில் நீங்கள் அறுபது பேருக்கு மேல் ஆளுக்கொரு வாக்குச்சீட்டை நிரப்பி அனுப்பப் போகிறீர்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24, இப்படியே இறங்கி 25ஆம் இடத்துக்கு ஒரு புள்ளி. எல்லாவற்றையும் கூட்டினால் பட்டியல் தயார். அன்றுவரை நாட்டில் எந்தக் கல்லூரி அணியும் களத்தில் இறங்கி ஒரு பந்தைக்கூட எறிந்திருக்காது. அந்தப் பட்டியலைப் பற்றித்தான் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

நான் ஆஸ்டினில் வசிப்பவன். நிழலில்கூட நூறு டிகிரி கொளுத்தும் ஆகஸ்டில் எங்கள் ஊரில் காய்கறிக் கடையிலிருந்து கோயில் பிரகாரம் வரை இதே பேச்சுதான். இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால் போதும். கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காத தாத்தாகூட, நான்காம் டவுனில், அதாவது கடைசி வாய்ப்பில், இன்னும் எத்தனை கஜம் பாக்கி என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். ஆகவே என்னை நடுநிலையாளன் என்று எண்ணிவிட வேண்டாம். எனக்கும் கட்சி உண்டு.

2025 ஆகஸ்டில் உங்கள் பட்டியலின் உச்சியில் எங்கள் அணிதான் இருந்தது. சீசன் தொடங்கும் முன்பே ஏ.பி. முதலிடம் டெக்சஸுக்குக் கிடைத்தது வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. உங்களில் 25 பேர் எங்களை முதலிடத்தில் வைத்தீர்கள், 23 பேர் பென் ஸ்டேட்டை வைத்தீர்கள். மொத்தத்தில் இரண்டு அணிகளுக்கும் நடுவே ஐந்தே புள்ளி. எங்கள் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக், ஆர்ச் மேனிங் என்ற இளைஞர், அதுவரை இரண்டே ஆட்டங்களைத்தான் தொடக்கத்திலிருந்து ஆடியிருந்தார். ஆனால் தாத்தா ஆர்ச்சி, சித்தப்பாக்கள் பேட்டன், ஈலை என்று குடும்பமே குவார்ட்டர்பேக் குடும்பம். பெயருக்கும் சேர்த்து விழுந்த வாக்குகள் அவை என்று நான் சொன்னால் உங்களால் மறுக்க முடியுமா?

ஆகஸ்ட் 30 அன்று கொலம்பஸில் ஒஹையோ ஸ்டேட்டுடன் ஆட்டம். அன்று காலைதான் கல்லூரிக் கால்பந்து விமர்சகர் லீ கோர்சோ, தொண்ணூறு வயதில், தொலைக்காட்சியில் தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தினார். வழக்கம்போல ஆட்டத்துக்கு ஆட்டம் வெற்றியாளரைச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் ஒஹையோ ஸ்டேட்டின் சின்னப் பொம்மையான புரூட்டஸின் தலையை எடுத்து மாட்டிக்கொண்டார். உங்கள் முதலிடத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அன்று அவர் சொன்ன ஆறும் ஆறாகப் பலித்தது. பிற்பகலில் மூன்றாம் குவார்ட்டரில் கோட்டுக்கு ஒரு கஜம் பாக்கியிருக்க, நான்காம் டவுனில் மேனிங் தானே பந்தோடு முட்டி மோதிப் பார்த்தார். ஒஹையோ ஸ்டேட்டின் சுவர் அசையவில்லை. முடிவு 14-7. முந்தைய ஆண்டின் சாம்பியனை அவர்கள் ஊரிலேயே போய்ச் சந்தித்து ஒரே டச்டவுன் வித்தியாசத்தில் தோற்பது யாருக்கும் கேவலமில்லை. ஆனாலும் அன்றிரவு எங்கள் ஊரில் இழவு வீட்டு அமைதி. தோல்விக்காகவா? இல்லை. கையிலிருந்த 'ஒன்று' என்ற எண் போய்விட்டதே என்றுதான்.

பிறகு வந்தது அக்டோபர் 4. டெக்சஸ் ஃபுளோரிடாவிடம் 29-21 என்று தோற்றது. அதே நாளில் பென் ஸ்டேட் யூ.சி.எல்.ஏ.விடம் 42-37 என்று தோற்றது. ஃபுளோரிடா அதுவரை ஆடிய நான்கில் ஒன்றைத்தான் வென்றிருந்தது. யூ.சி.எல்.ஏ. ஒன்றைக்கூட வெல்லவில்லை, செப்டம்பரிலேயே தலைமைப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, தற்காலிகப் பயிற்சியாளரின் கீழ் தடுமாறிக்கொண்டிருந்த அணி அது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெளியிட்ட 25 அணிகளின் பட்டியலில் இரண்டு அணிகளுமே இல்லை. ஆகஸ்டின் முதலிடமும் இரண்டாமிடமும் ஒரே நாளில் காணாமல் போயின. என் அண்டை வீட்டுப் பெரியவர், 1970களில் இங்கே படித்தவர், வாசலில் கட்டியிருந்த ஆரஞ்சுக் கொடியை அன்று காலை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "நாம் மோசமான அணி இல்லை. ஆகஸ்டில் நமக்குச் சொல்லப்பட்ட அணியும் இல்லை."

அந்த ஆண்டு பட்டத்தை வென்றது யார் என்று உங்களுக்கே தெரியும். இண்டியானா. நீங்கள் ஆகஸ்டில் 20ஆம் இடம் கொடுத்த அணி. தன் வரலாறு நெடுகிலும், பெரிய பிரிவில் வேறெவரையும்விட அதிகத் தோல்விகளைச் சுமந்துகொண்டு அந்த சீசனுக்குள் நுழைந்த அணி, 16 ஆட்டங்களில் 16ஐயும் வென்று, 2026 ஜனவரி 19 அன்று மயாமியை 27-21 என்று அதன் சொந்த ஊரிலேயே வீழ்த்தியது.

கணிப்பு பொய்த்தது என் புகார் அல்ல. கணிப்பு என்றால் பொய்க்கத்தான் செய்யும். 1950இல் நீங்கள் முதன்முதலாக சீசனுக்கு முன் வாக்களித்தபோது உச்சியில் வைத்த நோட்ர டேம், நான்கு வெற்றி, நான்கு தோல்வி, ஒரு சமநிலை என்று முடித்தது. 2012இல் முதலிடத்தில் தொடங்கிய தென் கலிஃபோர்னியா 7 வெற்றி, 6 தோல்வி என்று முடித்துப் பட்டியலுக்கு வெளியே நின்றது. உச்சியில் தொடங்கி உச்சியிலேயே முடித்த அணிகள், இந்த எழுபத்தைந்து ஆண்டுகளில் ஒரு டஜனைத் தாண்டாது. கடந்த இருபது ஆண்டுகளில் 2017இன் அலபாமா மட்டும்தான். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகவேண்டிய விஷயம்.

ஆகஸ்டில் ஊகமாகப் பிறக்கும் எண், செப்டம்பரில் சாட்சியாக மாறிவிடுகிறதே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கொலம்பஸ் ஆட்டம் நடந்த அதே நாளில், ஒன்பதாமிடத்து எல்.எஸ்.யூ. (லூயிசியானா ஸ்டேட்) நான்காமிடத்து கிளெம்சனை 17-10 என்று வென்றது. நான்காமிட அணியை அதன் மைதானத்திலேயே வீழ்த்திய வீரர்கள் என்று எல்.எஸ்.யூ.வை மூன்றாமிடத்துக்குத் தூக்கினீர்கள். கிளெம்சன் நான்காமிட அணி என்று சொன்னது யார்? நீங்கள். எந்த ஆதாரத்தில்? அனுபவமுள்ள வீரர்கள் பலர் திரும்பியிருந்தார்கள் என்ற நம்பிக்கையில். அந்த கிளெம்சன் சீசனை 7-6 என்று முடித்தது. எல்.எஸ்.யூ. தன் பயிற்சியாளர் பிரையன் கெல்லியை அக்டோபரிலேயே வீட்டுக்கு அனுப்பியது. உங்கள் ஊகத்தை உங்கள் ஊகமே நிரூபித்துக்கொண்ட விசித்திரம் இது.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு பழைய காயம் உண்டு. 2016இன் முதல் ஆட்டத்தில், பட்டியலிலேயே இல்லாத டெக்சஸ், பத்தாமிடத்து நோட்ர டேமை இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பின் 50-47 என்று வென்றது. டெக்சஸ் திரும்பி வந்துவிட்டது என்று வர்ணனையாளர் முழங்கினார். மறுவாரமே 11ஆம் இடத்தில் எங்களை உட்காரவைத்தீர்கள். நோட்ர டேம் அந்த சீசனில் நான்கே ஆட்டங்களை வென்றது. நாங்கள் ஐந்து. நவம்பரில் கான்ஸஸிடமும் தோற்றோம். பயிற்சியாளர் சார்லி ஸ்ட்ராங்கின் வேலை போனது. அந்த வர்ணனையாளரின் வரியைச் சொல்லி இன்றுவரை எங்களைக் கேலி செய்கிறார்கள். கேலி இருக்கட்டும். அந்தச் செப்டம்பர் எண் இல்லாதிருந்தால், அந்த அணியை வளர்ந்துவரும் அணி என்று பொறுமையோடு பார்த்திருப்போம்.

பொறுமை என்றதும் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் நினைவுக்கு வருகிறார். 2025 ஜனவரியில் பென் ஸ்டேட்டை அரையிறுதிவரை கொண்டுபோனவர், அக்டோபரில் வேலை இழந்தார். ஆரகன், யூ.சி.எல்.ஏ., நார்த்வெஸ்டர்ன் என்று அடுத்தடுத்து மூன்று தோல்விகள். அவருக்குத் தரவேண்டிய பாக்கி ஏறத்தாழ 5 கோடி டாலர் என்று நீங்களேதான் எழுதினீர்கள். அவர் மீதான குற்றப்பத்திரிகையில் தலைப்புச் செய்தியாக இருந்தது ஒரு கணக்கு: முதல் பத்து அணிகளுக்கு எதிராக 4 வெற்றி, 21 தோல்வி. அந்த 'முதல் பத்து' என்பது, ஆட்டம் நடந்த நாளில் நீங்கள் கொடுத்திருந்த எண். சீசன் முடிவில் அந்த எதிரணி எங்கே நின்றது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவருடைய அணியை ஆகஸ்டில் 15ஆம் இடத்தில் வைத்திருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று நான் வாதாட வரவில்லை. நார்த்வெஸ்டர்னிடம் சொந்த ஊரில் தோற்றதை எந்த ரசிகனும் மன்னிக்க மாட்டான். ஆனால் 'இரண்டாமிட அணியை வைத்துக்கொண்டு இப்படியா' என்ற ஆத்திரத்துக்கு எண்ணெய் ஊற்றியது உங்கள் எண்தான்.

"எங்கள் பட்டியல் இப்போது சாம்பியனைத் தீர்மானிப்பதில்லையே" என்பீர்கள். சரிதான். ஒரு காலத்தில் தீர்மானித்தது. 2004இல் ஆபர்ன் 17ஆம் இடத்தில் தொடங்கியது. ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. ஆனால் ஆகஸ்டில் முதல் இரண்டு இடங்களில் இருந்த தென் கலிஃபோர்னியாவும் ஓக்லஹோமாவும் தோற்கவில்லை. தோற்காத அணியை இறக்குவது உங்களுக்குப் பழக்கமில்லை. எனவே இறுதியாட்டம் அந்த இரண்டுக்கும் என்று ஆயிற்று. அதில் ஓக்லஹோமா 55-19 என்று நொறுங்கியது. ஆபர்ன் தன் கடைசி ஆட்டத்தையும் வென்று 13-0 என்று முடித்து, கையில் ஒன்றுமில்லாமல் நின்றது. ஆபர்ன் செய்த ஒரே பிழை, ஆகஸ்டில் பின்வரிசையில் நின்றது.

அந்த சீசன் முடியும்போதே ஏ.பி. தன் பட்டியலை, இறுதியாட்ட அணிகளைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விலகிக்கொண்டது. நல்ல முடிவு. அதன் இடத்துக்கு 2005இல் வந்த ஹாரிஸ் வாக்கெடுப்பு, செப்டம்பர் கடைசியில்தான் தன் முதல் பட்டியலை வெளியிட்டது. பட்டத்துக்கான ப்ளேஆஃப் ஆட்டங்களுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் இப்போதைய குழுவும் சீசன் பாதி கடந்த பிறகே வாய் திறக்கிறது. பட்டம் கொடுக்கும் பொறுப்பு உள்ளவர்கள் எல்லோரும் ஆட்டத்தைப் பார்த்தபின் பேசுகிறார்கள். பொறுப்பு இல்லாத நீங்கள் மட்டும் முன்னதாகப் பேசுகிறீர்கள்.

இந்தப் பட்டியலைத் தொடங்கியவர்களிடம் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. ஏ.பி.யின் விளையாட்டு ஆசிரியர் ஆலன் கூல்ட், 1936இல் பத்திரிகை ஆசிரியர்களிடம் வாக்குக் கேட்டதே சனிக்கிழமைகளுக்கு நடுவில் பேச்சும் சண்டையும் கிளப்பத்தான். அதற்கு முந்தைய ஆண்டு தன்னந்தனியாக மூன்று அணிகளுக்கு முதலிடத்தைப் பங்கிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். பழியைப் பலர் தலையில் பகிர்ந்துவைக்கும் சாமர்த்தியமும் அதில் இருந்திருக்கும்.

ஒரு காலத்தில் ஆகஸ்ட் கணிப்புக்கு ஓரளவாவது அடிப்படை இருந்தது. சேர்ந்த பையன் நான்கு ஆண்டுகள் அங்கேயே இருப்பான். போன ஆண்டின் அணியைப் பார்த்து இந்த ஆண்டின் அணியை ஊகிக்கலாம். 2021 முதல், வேறு கல்லூரிக்கு மாறுகிறவர் ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதலாண்டு உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடி டாலர். பாதி அணி ஜனவரியில் கலைந்து மறுபடி கூடுகிறது. 2023இல் மூன்று ஆட்டங்களை வென்ற இண்டியானா, கர்ட் சிக்னெட்டி வந்த இரண்டாம் ஆண்டிலேயே பட்டம் வென்றது இப்படித்தான். அதன் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா, முந்தைய ஆண்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். 2025இன் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் அவருக்கே. முந்தைய சீசனில் 11-2 என்று முடித்த அணியை நீங்கள் 20ஆம் இடத்தில் வைத்ததற்கு, சட்டையில் எழுதியிருந்த பெயரைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

என் கோரிக்கைக்கு வருகிறேன். ஆகஸ்ட் பட்டியலை ஒழிக்கச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இந்த வெயிலில் எதைப் பேசி நாங்கள் பொழுதைக் கழிப்பது? எண்ணை மட்டும் அக்டோபர் முதல் ஞாயிறுவரை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை தொலைக்காட்சித் திரையில் அணியின் பெயருக்கு முன்னால் எந்த இலக்கமும் வேண்டாம். அக்டோபரில் வாக்களிக்கும்போது வெற்றுத் தாளில் தொடங்குங்கள். போன வாரச் சீட்டை எடுத்து இரண்டு பேரை ஏற்றி மூன்று பேரை இறக்கும் வேலை வேண்டாம். இதற்கு ஏ.பி. சம்மதிக்காது என்றால், குறைந்தபட்சம் உங்கள் ஆகஸ்ட் வாக்குச்சீட்டுக்குப் பக்கத்திலேயே போன ஆகஸ்டில் நீங்கள் போட்ட சீட்டையும் அச்சிடுங்கள். உங்கள் வாக்குகள் எப்படியும் பகிரங்கம்தான். பக்கத்தில் வைப்பதில் என்ன தயக்கம்?

ஆகஸ்டில் கவனிக்கத்தக்க 25 அணிகள் என்று அகரவரிசையில் போட்டுவிடுங்கள். உள்ளே யார், வெளியே யார் என்று சண்டை போட எங்களுக்கு அதுவே தாராளம். டெக்சஸ் டென்னசிக்கும் கீழே, எங்கோ கடைசியில் நிற்கும், சம்மதம். அலபாமா முதலில் வரும். அதுவும் எங்களுக்குப் பழகிப்போன விஷயம்தான்.

இப்படிக்கு,
ஆஸ்டினிலிருந்து ஒரு ரசிகன்