போஷ் வேற, பிளம்மி வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இங்கிலீஷ் கத்துக்கற பகுதில போஷ், பிளம்மி, ஆர்.பி. மூணுக்கும் 'மேல்தட்டு மக்கள் பேசும் உயர்ந்த ஆங்கிலம்'னு ஒரே அர்த்தம் போட்டிருந்தீங்க. பசங்க வெட்டி நோட்டுல ஒட்டி வச்சு படிக்கற பகுதி அது, அதனாலதான் எழுதறேன்.

பிளம்மிங்கறது பேச்சுக்கும் குரலுக்கும் சொல்றது. வாய்க்குள்ள பிளம் பழத்தை அடக்கிகிட்டு பேசற மாதிரி கனமா உருண்டு வர்ற குரல், சொல்றவங்க பாராட்டா சொல்றதவிட கேலியா சொல்றதுதான் ஜாஸ்தி. போஷ் அப்படி இல்ல, பணக்காரத்தனமா பகட்டா இருக்கறதுன்னு அர்த்தம், ஆளு, ஸ்கூல், ஏரியா, ஹோட்டல்னு எல்லாத்துக்கும் வரும், ஹோட்டல போய் பிளம்மினு யாரும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் இந்தியாவுக்கு வந்த பி அண்ட் ஓ கம்பெனி கப்பல் டிக்கெட்ல அச்சடிச்ச நாலு எழுத்துதான் போஷ் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க, அப்படி ஒரு டிக்கெட் யார் கையிலயும் கிடைச்சதே இல்ல, அது வெறும் கதை.

ஆர்.பி.ங்கறது இங்கிலாந்துல ஒரு குறிப்பிட்ட உச்சரிப்புக்கு, உச்சரிப்பு ஆராய்ச்சி பண்றவங்க சொல்ற பேரு. டேனியல் ஜோன்ஸ்ங்கற உச்சரிப்பு அறிஞர் தன்னோட 1917 உச்சரிப்பு அகராதில அதுக்கு பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்புனு பேர் வச்சாரு, 1926ல ரிசீவ்டு ப்ரனன்ஸியேஷன்னு மாத்திட்டாரு, அதோட சுருக்கம்தான் ஆர்.பி. இங்கிலாந்துல பப்ளிக் ஸ்கூல்னா ஈட்டன் மாதிரி ஃபீஸ் கட்டி படிக்கற இடம், நம்ம கவர்மென்ட் ஸ்கூல் இல்ல.

முக்கியமா நீங்க விட்டது, உச்சரிப்ப வச்சு மட்டும் அங்க ஆள எடை போடறதில்ல, எந்த வார்த்தைய எடுக்கறோம்ங்கறதுலயே தெரிஞ்சுடும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்து ஆலன் ராஸ் 1954ல இத பத்தி கட்டுரை எழுதினாரு, மேல்தட்டு பேச்சுக்கு யூ, அதாவது அப்பர் கிளாஸ்ங்கறதோட முதல் எழுத்து, மத்ததுக்கு நான்-யூ. சாப்பிடும்போது வாய் துடைக்கற துணிக்கு பிரபு வீட்டுல நாப்கின், மேல வரணும்னு நினைக்கற வீட்டுல செர்வியட். அவங்க ரிச்னு பட்டுன்னு சொல்லுவாங்க, இவங்க வெல்தி. ஒருத்தர் செத்துட்டா அவங்களுக்கு டை, இவங்களுக்கு பாஸ்ட் ஆன். பாருங்க, அலங்காரமா இருக்கறது எல்லாம் கீழ இருந்து ஏறறவங்க எடுத்தது, மேல இருக்கறவங்க பேச்சு இதுல எல்லாம் சாதாரணமா நேரடியா இருக்கு, அப்ப 'உயர்ந்த ஆங்கிலம்'னு நீங்க போட்ட அர்த்தம் எதுக்குமே பொருந்தல.

அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்க சார், குறிப்பா பிளம்மிக்கு. இன்டர்வியூல எதிர்ல இருக்கறவரு குரல் பிளம்மியா இருக்குன்னு ஒரு பொண்ணு மரியாதையா நினைச்சு சொல்லிட்டா, அவருக்கு அது கிண்டலா போய்தான் சேரும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர், திருச்சி