நெகட்டிவ் பெட்டிகளை எடைக்குப் போடாதே

லியோன், பிரான்ஸ்,
தை மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

வெள்ளிக்காகப் பழைய ஃபிலிம் வாங்குகிறவர் நம் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் போட்டோக் கடைக்கு வந்து அப்பாவின் நெகட்டிவ் பெட்டிகளுக்கு எடைபோட்டு விலை பேசினாராம். அம்மா சொன்னாள். தயவுசெய்து கொடுத்துவிடாதே. கலர் நெகட்டிவைக் கழுவும்போதே அதிலிருக்கும் வெள்ளி கரைந்து போய்விடும், சாயம்தான் மிஞ்சும். கருப்பு வெள்ளையில் வெள்ளியேதான் படம். அதனால் அவர் கேட்பது கருப்பு வெள்ளையை. சாயத்தைவிட வெள்ளிதான் அதிக காலம் நிற்கும் என்பதால் நமக்கும் முதலில் காப்பாற்ற வேண்டியது அதுவே. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். எழுதிவிட்டால் கடையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே வெளிச்சம் எப்படி என்று கேட்டிருந்தாய். மார்கழியில் எட்டேகாலுக்கு மேல்தான் விடியும், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நடுப்பகலிலேயே சூரியன் தரையிலிருந்து இருபது டிகிரிக்குச் சற்று மேல்தான் நிற்கும். நம் ஊரில் மார்கழியிலேயே காலை எட்டு மணிக்கு அந்த உயரத்தில் இருக்கும். அங்கே சித்திரையில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் விழுந்து கண்குழி கருக்கும், அதற்காக நீ வெள்ளைத் தெர்மோகோலைக் கீழே பிடிக்கிறாய். இங்கே குளிர்காலம் முழுக்க வெயில் பக்கவாட்டில் வருவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மேகம் மூடினால் நாள்கணக்கில் நிழலே விழாது, முகமெல்லாம் தட்டையாகத் தெரியும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டை உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டோடு வைத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து சூடான அறைக்குள் நுழைந்தால் லென்ஸில் நீர் பூக்கும். வாசலிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறப்போம். ஏசி மண்டபத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கேமராவைக் கொண்டுபோகும்போதும் இதையே செய்.

தொழில் வேறு மாதிரி. புதுச்சேரி கடற்கரையில் மேரி (நகராட்சி அலுவலகம்) கட்டடம் இருக்கிறதே, அப்படி இங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மேரி. கல்யாணம் முதலில் அங்கேதான் பதிவாக வேண்டும், கோயிலும் சர்ச்சும் அதற்குப் பிறகுதான். மேரியில் சடங்கு சீக்கிரம் முடிந்துவிடும், கையெழுத்துப் போடும் நேரத்தைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. ஆற்றுத் திருவிழாவில் “எங்களையும் ஒண்ணு எடுங்க” என்று ஜனங்களே வந்து நிற்பார்களே, அது இங்கே இல்லை. ஒருவர் முகம் தெரிகிற படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும், குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். இன்னொன்று, காசு வாங்கிக்கொண்டு எடுத்தாலும் இங்கே படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்கும். நம் சட்டத்தில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. அப்பாவின் படங்களைப் பேஸ்புக்கில் போடுவதற்கு முன் அந்தந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

லூமியேர் சகோதரர்கள் ஆட்டோகுரோம் என்ற கலர் கண்ணாடித் தகட்டைச் செய்தது இந்த ஊரில்தான். 1903இல் காப்புரிமை வாங்கி 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்கு மாவின் துகளுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றி, கண்ணாடியில் தூவி, இடைவெளியைக் கரித்தூளால் அடைத்து, அதன்மேல் படம் பிடிக்கும் பூச்சைப் பூசினார்கள். நூறு வருடம் கழித்தும் அந்தக் கலர் இருக்கிறது. இருட்டிலும் அளவான ஈரத்திலும் வைத்திருப்பதால்தான் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வெளுக்கும் என்பதால் அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் நகலைத்தான் மாட்டுகிறார்கள், அசல் பெட்டிக்குள் இருக்கும். நீயும் அப்படியே செய். ஸ்கேன் பார்ப்பதற்கு, நெகட்டிவ் வைத்திருப்பதற்கு. ஸ்கேன் ஆகிவிட்டதே என்று நெகட்டிவைத் தூக்கிப் போடாதே.

முதல் வேலை பெட்டிகளை முகர்ந்து பார்ப்பது. வினிகர் வாடை வந்தால் அந்த அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து வரும் அமிலம் அதையே மேலும் அரிக்கும், பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். சுருங்கி நெளிந்துவிட்டால் பிறகு தட்டையாக வைத்துப் படம் எடுக்கவே முடியாது. அதனால் அவற்றைத் தனியே பிரித்து முதலில் நகலெடு, காற்றுப் புகாத டப்பாவில் மட்டும் அடைக்காதே. வெள்ளை நூல் வலை மாதிரி பூஞ்சணம் தெரிந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு, கடைக்கு வெளியே நிழலில் வைத்து, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடு. தண்ணீர் கூடவே கூடாது. படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சைப் பூஞ்சணம் தின்றிருந்தால் அது தண்ணீரில் கரையும், முகத்தோடு வழித்துக்கொண்டு வந்துவிடும். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டவற்றைப் பிரிக்காமல் அப்படியே தனியாக வை. சுவரில் மாட்டிய பிரேமில் கண்ணாடியோடு ஒட்டிய படம் இருந்தால் அதையும் பிய்க்காதே. இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்துக் கண்ணாடியோடு சேர்த்தே எடுத்துவிடலாம்.

நெகட்டிவின் பளபளப்பில்லாத, பூச்சுள்ள பக்கத்தில் பென்சில் கோடும் சிவப்பு மையும் இருக்கும். அழுக்கு என்று துடைத்துவிடாதே. கன்னத்துத் தழும்பையும் கண்ணுக்குக் கீழ்க் கருப்பையும் மறைக்க ரீடச்சிங் செய்த கை வேலை அது. அந்தப் பக்கத்துக்கு ஊதுபந்துக் காற்று போதும், வேறெதுவும் வேண்டாம்.

நகலெடுக்க ஸ்கேனர் வாங்க வேண்டியதில்லை. உன் 24 மெகாபிக்சல் கேமராவும் 1:1 மேக்ரோ லென்ஸும் (மிக அருகில் வைத்து எடுப்பது) போதும். 35 மி.மீ. ஃபிரேம் 36 மி.மீ. அகலம். அதை 6000 பிக்சலில் நிரப்பினால் அங்குலத்துக்கு 4200 புள்ளிக்கு மேல் வருகிறது. அதைவிடப் பெரிய 120 ஃபிலிமுக்கு இரண்டு மூன்று துண்டாக எடுத்து ஒட்டிக்கொள். நெகட்டிவுக்குக் கீழிருந்து வெளிச்சம் கொடுக்க எல்இடி பேனல் ஒன்று, சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 95க்குக் குறையாமல் வாங்கு. நெகட்டிவ் பேனலைத் தொடாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும், பேனலின் தூசும் புள்ளியும் மங்கிப்போகும். சுற்றிலும் கருப்பு அட்டையால் மறைத்துவிடு, ஓரத்திலிருந்து கசிகிற வெளிச்சம் கருமையைக் கெடுக்கும். கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க, நெகட்டிவ் வைக்கிற இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்துக் கேமராத் திரையில் (லைவ் வியூ) பார். லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரிந்தால் சரி, விலகினால் ஒரு மூலை மங்கும்.

கேமராவை எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (கேமரா திருத்தாமல் தரும் அசல் கோப்பு), இரண்டு செகண்ட் டைமர் என்று வை. ஃபோகஸைப் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபிலிமின் துகள்மேலேயே வை. ஷட்டர் 1/15ஐவிட மெதுவாக இருக்கட்டும், மலிவான பேனல் மினுங்குவதால் வேக ஷட்டரில் பட்டை பட்டையாக விழும். மேலே ஓடுகிற ஃபேனை நிறுத்திவிடு, தூசியும் அதிர்வும் அதிலிருந்துதான் வரும். வியர்க்கும், அதனால் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள். துணிக் கையுறை கண்ணாடி நெகட்டிவில் வழுக்கும். கலர் நெகட்டிவ் என்றால் படம் விழாத ஆரஞ்சு ஓரத்தில் வொயிட் பேலன்ஸ் எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் நிறங்களைத் தலைகீழாக்கு (இன்வெர்ட்).

ஒவ்வொரு கவரையும் திறக்கும் முன் அதன் முகப்பை ஒரு படம் எடு. அப்பா எழுதிய பெயர், தேதி, பில் நம்பர் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஃபைலுக்குப் பெட்டி, கவர், ஃபிரேம் என்ற வரிசையில் எண் கொடு. படங்களைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டி, யார் யார் என்று கேட்டு எழுதிவிடு. மஞ்சக்குப்பத்து மாமாக்களுக்கும் தெரியும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட அவசரம், ஃபிலிம்கூட அடுத்த வருடம்வரை தாங்கும்.

ஏஐ செயலியில் போட்டால் மங்கிய முகம் பளிச்சென்று வருகிறது என்று எழுதியிருந்தாய். முப்பது பேர் நிற்கிற குரூப் போட்டோவில், 35 மி.மீ. ஃபிலிமில், ஒரு முகம் ஒரு மில்லிமீட்டர்தான். அதில் இல்லாத இமையையும் பல்லையும் செயலி எங்கிருந்தோ பார்த்த ஆயிரம் முகங்களை வைத்து ஊகித்துப் போடுகிறது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆயாவின் சாயல் போய்விடும். நம் வீட்டில் யாருக்கு அவள் மூக்கு வந்திருக்கிறது என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கீறலை எடு, தூசியை எடு, கான்ட்ராஸ்ட் கூட்டு. முகத்தைத் தொடாதே. வாடிக்கையாளர் பிடிவாதமாகக் கேட்டால் தனி ஃபைலாகச் செய்து, பெயரிலேயே ஏஐ என்று சேர்த்துவை.

ரா ஃபைல் ஒன்று 30 எம்பி என்றால் ஆயிரம் ஃபிரேமுக்கு 30 ஜிபிதான். மூன்று பிரதி வேண்டும். ஒன்றைப் புதுச்சேரி சித்தி வீட்டில் வைக்கலாம் என்கிறாய், அது போதாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரை கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். ஒரே காற்று இரண்டு ஊரையும் அடித்தது. ஒரு டிஸ்க்கைத் திருச்சி அத்தையிடம் கொடு, ஒரு பிரதியை கிளவுடில் ஏற்று. டிஸ்க்கை வருடம் ஒருமுறையாவது ஓட்டிப் பார்.

அசலுக்குப் பிவிசி கவர் வேண்டாம், நாளாக நாளாக எண்ணெய் கசிந்து ஒட்டும். பாலிப்ரொப்பிலீன் கவர் அல்லது அமிலமில்லாத காகிதம் வாங்கு. பூச்சி உருண்டையும் வேண்டாம். இரும்பு பீரோவின் மேல்தட்டில், வெளிச்சுவரை ஒட்டாத அறையில் வை. 2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த பிறகு கீழ்த்தட்டை நம்ப முடியாது. ஈரப்பதமானி ஒன்று உள்ளே இருக்கட்டும், 40லிருந்து 50 சதவீதம் சரி, 60ஐத் தாண்டினால் பூஞ்சணம். ஆரஞ்சு நிற சிலிகா ஜெல் பச்சையானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். நீல நிறத்தில் கோபால்ட் இருக்கிறது, குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம்.

கண்ணாடி நெகட்டிவ் ஏதாவது உடைந்திருந்தால் நீயே ஒட்ட முயலாதே. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பெரிய புகைப்படக் காப்பகம் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களை டிஜிட்டலாக்கும் வேலையும் அங்கே நடந்திருக்கிறது. ஒருநாள் பஸ் ஏறிப்போய்க் கேட்டுப் பார்.

மாசி, பங்குனியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் கருப்பு வெள்ளை முழுக்க முடித்துவிடலாம். முதலில் ஒரே ஒரு ஃபிரேமை எடுத்து ரா ஃபைலாகவே எனக்கு அனுப்பு, நான்கு மூலையும் பார்த்துச் சொல்கிறேன். அங்கே இரவு ஒன்பதரை என்றால் எனக்கு மாலை ஐந்து மணி, அப்போது கூப்பிடு.

அன்புடன்,
அக்கா