பின்கதவுச் சாவி யாரிடம்?

ஆசிரியருக்கு,

தீவிரவாதத் தாக்குதல் நடந்தால் பொதுமக்கள் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டுரையைப் படித்தேன். ஓடுங்கள், ஒளிந்துகொள்ளுங்கள், தகவல் கொடுங்கள். எல்லாம் சரி. இந்தத் திட்டத்தை எழுதும்போது ஜனங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

2004-ல் நியூயார்க் மருத்துவ அகாடமி அமெரிக்கர்களிடம் கேட்டது. தீவிரவாதத் தாக்குதலால் பெரியம்மை பரவி, பொதுமுகாமுக்கு வந்து தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னால் வருவீர்களா? வருவோம் என்றவர்கள் ஐந்தில் இரண்டு பேர்தான். கதிரியக்கப் பொருளைச் சிதறடிக்கும் குண்டு வெடித்தால், வெளியே வரச் சொல்லும்வரை இருக்கும் கட்டடத்திலேயே இருப்போம் என்றவர்கள் ஐந்தில் மூன்று பேர். மீதிப்பேர் அடங்காதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தடுப்பூசியின் பக்கவிளைவை நினைத்துப் பயந்தார்கள். வீட்டாரோடு பேச முடிந்தால் உள்ளேயே இருப்போம் என்றவர்களும் உண்டு. பள்ளிக்குப் போன பிள்ளை பத்திரமா என்று தெரியாமல் எந்தத் தாய் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள்? இது கேட்டால்தான் தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் போன வருடம் ஒத்திகை நடத்தினார்கள். மணி அடித்ததும் ஏழாவது மாடியிலிருந்து பின்பக்கப் படிக்கட்டில் இறங்கினோம். கீழே கதவில் பூட்டு. "பாதி நாள் இது பூட்டித்தான் சார் கிடக்கும், சாவி நைட் டியூட்டிக்காரர்கிட்ட" என்றார் காவலாளி. அவரை யாரும் கேட்டதே இல்லை. முழங்கால் ஆபரேஷன் ஆன கணக்குப் பிரிவு அம்மா ஐந்தாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். பத்திரமாக வெளியேறியவர்கள் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே டிக் விழுந்திருந்தது!

2017 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் இசையரங்கக் குண்டுவெடிப்பில் 22 பேர் இறந்தார்கள். தீயணைப்புப் படை உள்ளே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆம்புலன்ஸ் ஆட்களும் மிகக் குறைவு. அங்கிருந்தவர்களே விளம்பரப் பலகைகளையும் தடுப்புக் கம்பிகளையும் ஸ்ட்ரெச்சராக்கிக் காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள். முதலில் கைகொடுப்பது பக்கத்தில் நிற்பவர்தான். அப்படியிருக்க, ரத்தப்போக்கை எப்படி நிறுத்துவது என்று அவருக்கு முன்பே சொல்லிக்கொடுத்தால் என்ன?

திட்டத்தை வெளியே சொன்னால் தீவிரவாதிக்கும் தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். போலீஸ் எங்கே நிற்கும் என்பது ரகசியமாகவே இருக்கட்டும். ஆனால், பிள்ளைகளை எங்கே வந்து கூட்டிப்போவது, நடக்க முடியாதவரை யார் இறக்குவது என்பதில் என்ன ரகசியம்? அதையெல்லாம் முடிவு செய்யும் கூட்டத்துக்குப் பெற்றோரையும் சக்கர நாற்காலியில் வருபவரையும் துப்புரவுப் பணியாளரையும் கூப்பிடலாம். எங்கள் காவலாளியையும்தான். பின்கதவில் இன்னமும் அதே பூட்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்