பத்து டாலருக்கு 160 ஏக்கர்

அன்புள்ள செல்வராஜ்,

மூட்டுவலி தேவலையா? நான் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிவிட்டது. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். வாசலில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமைத் தாள்தான். பொழுது போகாமல் நூலகத்துக்குப் போனேன். 1980-இல் மாகாணத்துக்கு 75 வயதானபோது ஊருக்கு ஊர் வரலாற்றுப் புத்தகம் போட்டார்களாம். இந்த ஊருக்கும் ஒரு தடிப் புத்தகம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கட்டுரை: தாத்தா எப்போது வந்தார், எந்த நிலம், எத்தனை பிள்ளைகள்.

சர்வேயராக இருந்தவன் நீ, உனக்கு இது ருசிக்கும். வரப்பே இல்லாத புல்வெளியை, அதே 66 அடிச் சங்கிலியால், மைலுக்கு மைல் சதுரமாக அளந்திருக்கிறார்கள். ஒரு சதுரம் 640 ஏக்கர்; அதற்கு 'செக்‌ஷன்' என்று பெயர். 1872 சட்டப்படி 10 டாலர் கட்டினால் கால் செக்‌ஷன், அதாவது 160 ஏக்கர். மூன்று வருஷம் குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்டினால் பட்டா. அதற்கு முன் க்ரீ என்ற பழங்குடி மக்களும், பழங்குடியும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெட்டீ மக்களும் காட்டெருமை வேட்டையாடிய மண் அது. புத்தகம் அவர்களை ஒரே பத்தியில் தாண்டிவிடுகிறது.

மரமில்லாத வெளியில் வீட்டுக்கு என்ன செய்வது? புல்வேரோடு மண்ணைக் கலப்பையால் பட்டை பட்டையாக உரித்து, துண்டு போட்டு, புல் பக்கம் கீழே இருக்கும்படி செங்கல் மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். கூரை மேலும் அதே மண். குளிருக்கு அடக்கம்தான், ஆனால் மழை வந்தால் வம்பு. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்போமே, அது இங்கே வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது: வெளியே வெயிலடிக்க, உள்ளே இரண்டு நாள் ஒழுகுமாம். ஒரு பாட்டி அடுப்புக்குக் குடை பிடித்துக்கொண்டு சமைத்திருக்கிறார். கிண்டர்ஸ்லி பக்கம் 1909-இல் தொடங்கி 1911-இல் முடித்த மண்வீடு ஒன்று இன்னும் நிற்கிறது. மகள் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள், பார்ப்போம்.

அந்தக் குடைப் பாட்டியின் பெயரைத் தேடினேன். 'மிஸஸ்' போட்டுப் புருஷன் பெயர்தான் இருக்கிறது! பட்டாவிலும் இதே கதை. 18 வயதான ஆண்பிள்ளைக்கு நிலம் உண்டு. பெண்ணுக்கு, பெரும்பாலும் விதவையாகிச் சிறு பிள்ளைகளோடு நின்றால்தான். ஜார்ஜினா பின்னி-கிளார்க் என்ற இங்கிலாந்துப் பெண்மணி 1905-இல் ஃபோர்ட் குவாப்பெல் அருகே 320 ஏக்கரைக் காசு கொடுத்து வாங்கித்தான் விவசாயம் செய்தார். பெண்களுக்கும் அந்தப் பத்து டாலர் நிலம் வேண்டும் என்று அவரும் மற்றவர்களும் மனுப் போட்டுப் பார்த்தார்கள், அரசாங்கம் மசியவில்லை. வண்டி வண்டியாகக் களை பிடுங்கியதும், உறைந்த கிணற்றில் தண்ணீர் இறைத்ததும் யார் என்று கட்டுரைகளே சொல்கின்றன, பெயரைத்தான் சொல்லவில்லை.

நீ முப்பது வருஷம் நிலக் கணக்கான அ-பதிவேடு புரட்டியவன். பெண் பெயரில் எத்தனை பட்டா பார்த்திருப்பாய்? யோசித்து எழுது.

அப்புறம், என் வீட்டுக் கொல்லைத் தென்னைக்கு ஆள் விட்டுத் தண்ணீர் பாய்ச்சச் சொல். தீபாவளிக்கு முன்னால் வந்துவிடுவேன்.

உன்,
கணேசன்