பழைய லேப்டாப்பே போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் சேர்ந்து கிடக்கும் வீடியோ, பாட்டு, போட்டோவையெல்லாம் டிவியில் பார்ப்பது எப்படி என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். அதில் சொன்ன பிளெக்ஸ், ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர்கள் (கணினியில் இருக்கும் வீடியோவை வீட்டு வைஃபை வழியாக டிவிக்கு அனுப்பும் மென்பொருள்கள்) இரண்டும் நல்லவைதான், ஆனால் எங்கள் வீட்டில் அப்பா பழைய கல்யாண வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார், அவ்வளவுதான் தேவை. அதற்கு அவை காட்டும் போஸ்டரும் கதைச் சுருக்கமும் எதற்கு? அதே வேலையை எளிமையாகச் செய்யும் மினிடிஎல்என்ஏ என்ற சர்வர் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் குறை.

ரெடிமீடியா என்றும் அதற்குப் பெயர் உண்டு. நெட்கியர் ஊழியர் ஒருவர் அந்த நிறுவனத்தின் சேமிப்புப் பெட்டிகளுக்காக எழுத ஆரம்பித்தது, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. ஓப்பன்டபிள்யூஆர்டி (ரௌட்டருக்கான லினக்ஸ்) போட்ட ரௌட்டரில்கூட ஓடும் என்றால் எவ்வளவு லேசானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் 2 ஜிபி ராம் உள்ள, பரணில் கிடந்த லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் ஏற்றி இதைப் போட்டேன். வீடியோ எந்த ஃபோல்டரில் இருக்கிறது, டிவியில் என்ன பெயரில் தெரிய வேண்டும் என்று அதன் அமைப்பு ஃபைலில் இரண்டே வரி மாற்றினேன். புது ஃபைல் போட்டால் அதுவே பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது.

முதல் நாள் டிவியில் ஒன்றுமே தெரியாமல் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் லேப்டாப் ஒரு வைஃபையில், டிவி விருந்தினருக்கான வைஃபையில்! சர்வர் "இங்கே இருக்கிறேன்" என்று விடும் அறிவிப்பு அந்தப் பக்கம் போகவே போகாது.

குறையும் சொல்லிவிடுகிறேன். இது வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றித் தராது, இருப்பதை அப்படியே அனுப்பும். டிவிக்கு ஹெச்இவிசி என்ற வீடியோ வடிவம் தெரியாவிட்டால் தெரியாததுதான், அப்போது ஜெல்லிஃபின் பக்கம் போக வேண்டியதுதான். அப்புறம், பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை, வீட்டு வைஃபையில் இருக்கிற யாரும் பார்க்கலாம். அதனால் தயவுசெய்து ரௌட்டரில் இது பயன்படுத்தும் 8200 போர்ட்டை (இணைப்பு வாசலை) வெளியே இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள்.

இதை நிறுவும் முறையை அடுத்த வாரமாவது கால் பக்கத்துக்குப் போடுங்கள், தமிழில் தேடினால் உருப்படியாக ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
வாசகர், திண்டுக்கல்